பழைய ஹார்ட் டிஸ்கைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மெதுவாக ஓடும் பழைய கம்ப்யூட்டருக்குப் பதில் புதிது வாங்க வேண்டியதில்லை, ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு, சிப்பில் தரவைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. போட்டாலே போதும் என்று உங்கள் நாளிதழில் எழுதியிருந்தீர்கள். உண்மைதான். நான் சிவகாசியில் இருபத்திரண்டு வருடமாக டி.டி.பி. (கம்ப்யூட்டரில் அச்சுப் பக்கம் அமைக்கும்) வேலை பார்க்கிறேன், என் கடையில் இருக்கும் மூன்று மெஷினுக்கும் மாற்றியாயிற்று. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால்தான் திரை தெளியும் என்றிருந்தது, இப்போது நாற்காலியில் உட்காருவதற்குள் வந்துவிடுகிறது. ஹார்ட் டிஸ்கில் தட்டு சுற்ற வேண்டும், முள் நகர்ந்து இடத்தைத் தேட வேண்டும், எஸ்.எஸ்.டி.யில் அசைகிற பொருளே கிடையாது, அதனால் அந்த வேகம். ஆனால் பழைய டிஸ்கில் இருப்பதைப் புதியதற்கு எப்படிக் கொண்டுபோவது, கழற்றிய டிஸ்கை என்ன செய்வது என்று நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. அந்த ஒரு வரி இல்லாமல் ஒருவர் எவ்வளவு இழந்திருக்கிறார் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் இந்தக் கடிதம்.

சாத்தூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் மூன்று மாதத்துக்கு முன் என் கடைக்கு வந்தார். தன் ஊரைப் பற்றி 2001-லிருந்து எழுதி வந்தவர். எந்தக் கண்மாய்க்கு எத்தனை மடை, எந்தக் கலிங்கு எந்த வருடம் உடைந்தது, நடவுப் பாட்டு, ஒப்பாரி, பழைய பத்திரங்களில் வரும் நிலத்தின் பெயர்கள் என்று எல்லாம் சேர்த்துச் சுமார் 160 பக்கம். அவருடைய கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்று மகன் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்திருக்கிறார். அவர்கள் எஸ்.எஸ்.டி. போட்டு, விண்டோஸ் ஏற்றி, ‘டாக்குமென்ட்ஸ்’ போல்டரை மட்டும் ஒரு பென்டிரைவில் எடுத்துக் கொடுத்துவிட்டு, பழைய டிஸ்கை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டார்கள். பில்லில் 400 ரூபாய் கழித்திருந்தது. அவருக்கும் அப்போது சந்தோஷம்தான்.

வீட்டுக்குப் போய் ஃபைலைத் திறந்தால் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. “தம்பி, எல்லாம் இங்கிலீஷாப் போச்சு, வைரஸா என்னன்னு பாருங்க” என்று என்னிடம் கொண்டுவந்தார். பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. ‘தமிழ்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் நின்றன. அது பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு. வைரஸும் இல்லை, ஃபைலும் கெடவில்லை, அந்த மெஷினில் பாமினி இல்லை, அவ்வளவுதான். என் மெஷினில் போட்டுக் காட்டியதும் கண்மாயும் மடையும் திரும்பி வந்தன. வாத்தியார் எழுந்து நின்றேவிட்டார்.

சரி, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தோம். அடுத்த ஃபைலில்தான் மாட்டிக்கொண்டோம். நிலத்தின் பெயர்கள் இருக்கும் பகுதி அது, கிட்டத்தட்ட 90 பக்கம். அதை அவர் டைப் செய்யவில்லை, அப்போது பக்கத்து ஊரில் இருந்த ஒரு டைப்பிங் சென்டரில் கொடுத்து அடித்து வாங்கியிருக்கிறார். அந்தச் சென்டர்காரர் ஏதோ ஒரு எழுத்துருவை எடுத்துத் தனக்கு வசதியாக மாற்றி, தன் கடைப் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார். அந்தக் காலத்தில் பலபேர் அப்படிச் செய்தார்கள். ஃபைலுக்குள் எழுத்துருவின் பெயர் மட்டும் இருக்கிறது, எழுத்துரு இல்லை. அது இருந்த ஒரே இடம் வாத்தியாருடைய பழைய ஹார்ட் டிஸ்க், சி டிரைவில் விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் போல்டர்.

அன்றைக்கே அந்தக் கடைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். “அதை ஒரு சி.சி.டி.வி. பெட்டிக்குப் போட்டுட்டோமே சார்” என்றார்கள். வெறும் குவிக் ஃபார்மட் மட்டும் செய்திருந்தால்கூட ஹார்ட் டிஸ்கிலிருந்து பெரும்பாலும் எதையாவது மீட்டிருக்கலாம். கேமரா பெட்டிக்குள் போன டிஸ்கில் ராத்திரி பகலாகப் படம் பதிந்துகொண்டே இருக்கும், நிறைந்ததும் பழையதன் மேலேயே எழுதும். வாத்தியார் அங்கே ஒன்றும் பேசவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை நடந்து வந்தோம், வழியில் “அந்த 400 ரூபாயத் திருப்பிக் குடுத்திருப்பேனே தம்பி” என்று மட்டும் சொன்னார்.

இது அவர் ஒருவருடைய பிரச்சினை இல்லை. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவலாவதற்கு முன்னால் தமிழில் அடித்தவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு தனி எழுத்துருவில்தான் அடித்தோம், ஒன்றில் அடித்தது இன்னொன்றில் தெரியாது. இதை ஒழுங்குக்குக் கொண்டுவரத்தான் 1999-ல் சென்னையில் மாநாடு கூட்டி டாம், டாப் என்று இரண்டு குறியீட்டு முறைகளைக் கொண்டுவந்தார்கள், 2010-ல் தமிழக அரசு யூனிகோடையும் தமிழுக்கென்று உருவான டேஸ் 16 குறியீட்டையும் ஏற்று ஆணை போட்டது. ஆனால் அதற்குள் அடித்து வைத்தவை எத்தனை? கோயில் மலர்கள், பள்ளி ஆண்டு மலர்கள், சங்கக் கணக்குகள், கல்யாணப் பத்திரிகைகள், சிற்றிதழ்கள். எங்கள் ஊரில் இன்றும் பேஜ்மேக்கர் 7 என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் வேலை நடக்கிற கடைகள் உண்டு. 2001-ல் வந்த அதுதான் அதன் கடைசிப் பெரிய பதிப்பு. இந்த மாதிரி மெஷினில் டிஸ்க் மாற்றும்போது ஃபைலை மட்டும் எடுத்தால் பாதிதான் எடுத்ததாக அர்த்தம். எழுத்துருக்களையும் எடுக்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. விண்டோஸ் 10-ன் பிற்காலப் பதிப்புகளிலிருந்து, நாம் சும்மா இன்ஸ்டால் என்று அழுத்திப் போடும் எழுத்துரு பொதுப் போல்டருக்குப் போவதில்லை, நம் யூசர் பெயருக்குள் ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்று உள்ளே உள்ளே போய் உட்காருகிறது. ஆப்டேட்டா மறைவான போல்டர், சாதாரணமாகக் கண்ணில் படாது. இரண்டு இடத்தையும் பார்த்து எடுங்கள்.

டேலி என்ற கணக்கு மென்பொருள் வைத்திருக்கும் கடைக்காரர்களுக்கும் இதே கதிதான். கணக்கு முழுக்க 10000, 10001 என்று வெறும் எண்ணைப் பெயராகக் கொண்ட போல்டரில் இருக்கும், தெரியாதவர் பார்த்தால் குப்பை என்றுதான் நினைப்பார். டெஸ்க்டாப்பில் தெரிவதும் டவுன்லோட்ஸில் கிடப்பதும், புதிதாக விண்டோஸ் ஏற்றும்போது அழிந்துபோகும் சி டிரைவைச் சேர்ந்தவைதான் என்பதும் பலருக்குத் தெரியாது, “டி டிரைவை அப்படியே வைச்சிருங்க, போதும்” என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள்.

நான் எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன், வேறு நல்ல வழி தெரிந்தவர்கள் எழுதட்டும். முதலில் பழைய டிஸ்கின் உடல்நிலையைப் பார்ப்பேன். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று இலவச மென்பொருள் இருக்கிறது, நீலம் காட்டினால் நல்லது, மஞ்சள் காட்டினால் டிஸ்கில் கெட்ட இடங்கள் உண்டாகத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம். மஞ்சள் என்றால் வேறு எதையும் நோண்டாமல், போனால் திரும்பக் கிடைக்காததை முதலில் காப்பி எடுத்துவிட வேண்டும். சினிமாவும் பாட்டும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். அந்த நிலையில் டிஸ்கைச் சரிபார்க்கிறேன் என்று விண்டோஸின் ஸ்கேனை ஓட்டாதீர்கள், சாகப் போகிற டிஸ்க் அதிலேயே செத்துவிடலாம். டிக் டிக் என்று சத்தம் வந்தால் உடனே கரண்டை நிறுத்திவிடுவதுதான் நல்லது.

அப்புறம், டிஸ்கை முழுசாக அப்படியே நகலெடுப்பதா, அதாவது குளோன் செய்வதா, புதிதாக விண்டோஸ் ஏற்றித் தரவை மட்டும் கொண்டுவருவதா? வீட்டு மெஷின் என்றால் புதிதாக ஏற்றுவதே மேல், பத்து வருடக் குப்பை அதோடு போகும். எங்களைப் போல, சிடி தொலைந்துபோன பழைய மென்பொருளை நம்பிப் பிழைக்கிறவர்கள் குளோன்தான் செய்ய வேண்டும். அதற்கான மென்பொருள் குளோன்ஸில்லா இலவசம், நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். எது பழையது, எது புதியது என்று அது கேட்கும் இடத்தில் மட்டும் அவசரமே கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு ஆபரேட்டர் மாற்றிக் கொடுத்து, காலியான எஸ்.எஸ்.டி.யைப் பழைய டிஸ்கின் மேல் நகலெடுத்துவிட்டார். பெயர், கொள்ளளவு இரண்டையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் எண்டர் தட்டுவேன். கொள்ளளவில் நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். 500 ஜி.பி. டிஸ்குக்கு 480 ஜி.பி. எஸ்.எஸ்.டி. வாங்கி வந்தேன், விண்டோஸ் கணக்கில் முன்னது 465, பின்னது 447, குளோன் ஏறவே இல்லை. பார்ட்டிஷனை (டிஸ்கில் பிரித்து வைத்த பகுதியை) சுருக்கி ஏற்ற ஒரு முழு நாள் போனது.

டிஸ்கை வெளியே வைத்துக் காப்பி எடுக்க ஒரு சாட்டா–யு.எஸ்.பி. கேபிள் போதும். லேப்டாப்பின் சின்ன டிஸ்க் அதிலேயே ஓடும், டெஸ்க்டாப்பின் 3.5 அங்குல டிஸ்குக்கு 12 வோல்ட் அடாப்டர் தனியாக வேண்டும், இல்லாவிட்டால் சுற்றவே சுற்றாது, டிஸ்க் போய்விட்டது என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். லேப்டாப்பில் டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் கழற்றுவதற்கு முன்பே அந்த 48 இலக்க மீட்பு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பிறகு அது இல்லாமல் ஒரு எழுத்தைக்கூடப் படிக்க முடியாது.

எல்லாம் மாற்றி முடித்த பிறகு பழைய டிஸ்கை அழிக்காமல் ஆறு மாதமாவது வைத்திருங்கள். மேலே ஒரு டேப் ஒட்டிப் பெயரும் தேதியும் எழுதி, வந்த கவரிலேயே போட்டு பீரோவில் வையுங்கள். மறந்துபோன ஒன்று எப்போது ஞாபகத்துக்கு வரும் என்று யாருக்குத் தெரியும்? இன்னொரு விஷயம், எஸ்.எஸ்.டி.யில் அழித்த ஃபைலை மீட்பது கிட்டத்தட்ட முடியாத காரியம், அழித்த இடத்தை அது தானாகவே சுத்தம் செய்துவிடும். அந்தப் பழைய டிஸ்க்தான் உங்களுடைய இரண்டாவது நகல். எக்ஸ்சேஞ்ச் என்று கொடுப்பதாக இருந்தால், ஆதார் ஜெராக்ஸும் பேங்க் பாஸ்புக்கும் வீட்டுப் பெண்களின் போட்டோவும் அதில் இருக்கின்றன என்பதை நினைத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு நின்றதிலிருந்து சர்வீஸ் கடைகளில் கூட்டம் அதிகம். மாற்றுங்கள், அதில் தப்பே இல்லை. கடைக்காரர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. பில்லில் ‘பழைய டிஸ்க் திருப்பிக் கொடுக்கப்பட்டது’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாடிக்கையாளர் வேண்டாம் என்றால் அதையும் எழுதுங்கள். ஆசிரியர் அவர்களும் அடுத்த முறை எஸ்.எஸ்.டி. பற்றி எழுதும்போது இதைச் சேர்த்து எழுத வேண்டும்.

வாத்தியாருடைய வேலை இன்னும் முடியவில்லை. நல்லவேளையாக அந்த 90 பக்கத்தில் 12 பக்கத்துக்கு அச்செடுத்த தாள் அவர் வீட்டில் இருந்தது. அதைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தக் குறிக்கு எந்த எழுத்து என்று பட்டியல் போட்டு வருகிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்காருவார், அவர் வாசிக்க நான் மாற்றுவேன். 64 பக்கம் ஆகியிருக்கிறது. கூ, சூ, தூ, நூ என்று ஊகார எழுத்து ஒவ்வொன்றுக்கும் அதில் தனித்தனி இடம் உண்டு, அதில் சில அந்த 12 பக்கத்தில் வரவே இல்லை. சாதாரணச் சொல்லாக இருந்தால் ஊகித்துவிடுகிறோம், நிலத்தின் பெயர்களில் ஊகிக்க முடியவில்லை. தெரிந்த பெரியவர்களும் இப்போது இல்லை. 2000 வாக்கில் சாத்தூர், கோவில்பட்டி பக்கம் தமிழ் டைப்பிங் சென்டர் நடத்தியவர்கள், அங்கே வேலை பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் பழைய ஃப்ளாப்பியையும் சிடியையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கடைப் பெயரில் ஏதாவது எழுத்துரு இருந்தால் இந்த நாளிதழுக்கு எழுதுங்கள், நான் நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டி.டி.பி. தொழிலில் இருக்கும் ஒரு வாசகர்,
சிவகாசி.