அந்தப் படத்தை எடுத்தவர் யார்? செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

இணையச் செய்திப் பிரிவுகளின் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். காட்டுயிர்ப் படம் ஒன்று வைரலானால் 'நெட்டிசன்கள் வியப்பு' என்று தலைப்பிட்டு வெளியிடுகிறீர்கள். மறுநாள் அதே படத்துக்கு 'உண்மையா, போலியா?' என்று இன்னொரு செய்தி வருகிறது. எடுத்தவர் யார், எங்கே, எப்போது எடுத்தார் என்ற விவரம் இரண்டிலும் இருப்பதில்லை. என் மனக்குறை இதுதான்.

குட்டிகளைத் தப்பவிட்டு, தானே சிவிங்கிப்புலிகளுக்கு இரையாக நின்ற தாய் மான் என்று ஒரு படம் சுற்றியதே, நினைவிருக்கிறதா? கழுத்தைக் கவ்விப் பிடித்திருக்க, மான் மட்டும் அசையாமல் நேரே பார்த்துக்கொண்டு நிற்கும். படமெடுத்தவர் மனமுடைந்து நோயில் விழுந்தார் என்றுகூடக் கண், காது, மூக்கு வைத்துப் பரப்பினார்கள். படம் அசல்தான். 2013இல் கென்யாவின் மசாய் மாராவில் அலிசன் புட்டிஜெஜ் எடுத்தது. தாய்ச் சிவிங்கிப்புலி தன் குட்டிகளுக்கு வேட்டை பழக்கிய நேரம் அது. மான் நின்றது தியாகத்தால் அல்ல, அதிர்ச்சியில் உறைந்துபோனதால். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவரே மறுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. பொய் படத்தில் இல்லை, அதற்குக் கீழே எழுதிய வரிகளில் இருந்தது.

நம்ப முடியவில்லை என்பதும் போலிக்குச் சான்றாகாது. 1799இல், வாத்தின் அலகு போன்ற வாய்கொண்ட ஆஸ்திரேலிய விலங்கான பிளாட்டிபஸின் உலர்ந்த உடலைப் பார்த்த விலங்கியலாளர் ஜார்ஜ் ஷாவுக்கே, யாரோ வாத்தின் அலகை ஒட்டிவிட்டார்களோ என்ற ஐயம் வந்தது. 2015இல் பறக்கும் மரங்கொத்தியின் முதுகில் வீசல் என்ற, கீரி போன்ற சிறு விலங்கு தொற்றியிருந்த படத்தையும் ஒட்டுவேலை என்றவர்கள் உண்டு. அதுவும் அசல்.

இதற்கு நேர்மாறானதும் நடந்திருக்கிறது. கறையான் புற்றை நோக்கி வரும் எறும்புத்தின்னியின் படம் ஒன்று, லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் போட்டியில் 2017இல் பரிசு வென்றது. 2018 ஏப்ரலில் பரிசு பறிக்கப்பட்டது. பிரேசிலின் எமாஸ் தேசியப் பூங்காவின் பார்வையாளர் மையத்தில் இருந்த, பாடம் செய்யப்பட்ட எறும்புத்தின்னியோடு அது முடிக்கற்றை வரை ஒத்துப்போவதாக நிபுணர்கள் கண்டார்கள். எடுத்தவர் மறுத்தார். முன்னும் பின்னும் எடுத்த படங்களின் மூலக் கோப்புகளையும் தந்தார். அவற்றில் ஒன்றில்கூட எறும்புத்தின்னி இல்லை. கணினியில் ஒட்டிய தடயத்தை மட்டும் தேடியிருந்தால் இது பிடிபட்டிருக்காது.

விரல்களை எண்ணு, நிழலைப் பார் என்று நீங்கள் வாசகர்களுக்குச் சொல்லித்தரும் உத்திகள் எனக்குப் போதுமானவையாகத் தெரியவில்லை. செயற்கை நுண்ணறிவுப் படங்கள் அந்தப் பிழைகளை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு வருகின்றன. படம் எங்கிருந்து புறப்பட்டது என்பதைத் தேடுவதுதான் எப்போதும் கைகொடுக்கும். இணையத் தேடுபொறியில் படத்தையே கொடுத்துத் தேடி, அது முதன்முதலில் வந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள். எடுத்தவரோடு பேசுங்கள். மூலக் கோப்பையும் அதற்கு முந்தைய, பிந்தைய படங்களையும் கேளுங்கள். உண்மையாகவே காட்டில் காத்திருந்து எடுத்தவரிடம் அவை பெரும்பாலும் இருக்கும். அந்த விலங்கை ஆய்வு செய்பவர் ஒருவரிடமும் காட்டுங்கள். அது அப்படி நடந்துகொள்ளுமா என்று அவருக்குத்தான் தெரியும்.

இவை எதுவும் கிடைக்காவிட்டால் கேள்விக்குறியோடுகூட வெளியிடாதீர்கள். ஏற்கெனவே வெளியிட்டது தவறென்று தெரிந்தால், படம் போட்ட அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்