லாவா மாதா கோயில்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் புதுநன்மை (முதல் நற்கருணை) என்று எழுதியிருந்தாய், ரொம்பச் சந்தோஷம். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் போன மாதம் மகன் காரில் ஏற்றிக்கொண்டு நான் இருக்கும் இந்த ரெயூனியன் தீவின் கிழக்குக் கரையைச் சுற்றிக் காட்டினான்.

பித்தோன் சேந்த் ரோஸ் என்று ஒரு சின்ன ஊர். இங்குள்ள எரிமலை பெரும்பாலும் தன் பள்ளத்துக்குள்ளேயே பொங்கி அடங்கிவிடும். எப்போதாவதுதான் எல்லை தாண்டும். 1977 ஏப்ரலில் தாண்டியது. சனங்களை வெளியேற்றிவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. வீடுகள் பல போயின. மாதா கோயிலுக்கு வந்த எரிமலைக் குழம்பு (லாவா) மட்டும் சுவர்களைச் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றுவிட்டது. அதனால்தான் லாவா மாதா கோயில் என்று பெயர். கறுப்புப் பாறை இன்னும் அங்கேயே கிடக்கிறது, கயிறு கயிறாகத் திரித்து மடித்த மாதிரி.

நீ உடனே புதுமை, மாதாவின் அற்புதம் என்பாய். இருக்கட்டும். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களும் மாதாவைக் கும்பிட்டவர்கள்தானே, அவர்கள் வீடு ஏன் போயிற்று? எனக்குப் பிடித்தது வேறு: உள்ளே வண்ணக் கண்ணாடி ஜன்னல்களில் அந்த எரிமலையையே தீட்டி வைத்திருக்கிறார்கள். ஊர் பட்ட பாட்டைப் பூசை நேரத்தில் நிமிர்ந்து பார்க்கலாம். உங்கள் வில்லியனூர் மாதா கோயிலில்கூட இப்படி ஒன்று கிடையாது, கோபப்படாதே.

இன்னொன்று, எரிமலைப் பக்கம் நீலக் குடை பிடித்த மாதா ஒருத்தி உண்டு. குழம்பைத் தடுக்கத்தான் வைத்தார்கள். குழம்பு நெருங்கியபோது அவளையே தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று!

அப்புறம் திரும்பும் வழியில் சேந்த் ஆன் கோயில். பிரான்சின் அல்சாஸ் பகுதிக்காரரான தோபன்பெர்ஜே சாமியார், ஊர்ப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போன நூற்றாண்டின் முற்பாதியில் அலங்கரித்த கோயில். பூ, பழம், கொடி என்று சுவரில் இடமே விடவில்லை. கொஞ்சம் அதிகம்தான், ஆனால் நம் கோபுரச் சுதை வேலை பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்நியமாகவே தெரியவில்லை. பக்கத்திலேயே நின்ற மலபார்க்காரர் (இங்கே தமிழ் வம்சாவளியினரை அப்படித்தான் சொல்வார்கள்) ஒருவர் மெழுகுவத்தி ஏற்றினார். ஞாயிறு பூசைக்கும் வருவாராம், தைப்பூசத்துக்குக் காவடியும் எடுப்பாராம். இங்கே அதை யாரும் விசேஷமாகப் பார்ப்பதில்லை.

படங்களை மகன் அனுப்புவான். உங்கள் புதுச்சேரி இருதய ஆண்டவர் கோயில் ஜன்னல்களை அடுத்த முறை போகும்போது கிட்ட நின்று எடுத்து அனுப்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசை.

உன் பழைய தோழன்