நவம்பர் 24: ஃப்ரெடி மெர்க்குரி நினைவு நாள்

அன்புள்ள உறுப்பினர்களுக்கு,

குவீன் இசைக்குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி, தமக்கு எய்ட்ஸ் நோய் இருப்பதை 1991 நவம்பர் 23 அன்று அறிக்கையாக வெளியிட்டு, மறுநாளே லண்டனில் தம் இல்லத்தில் 45 வயதில் மறைந்தார். முதல் செய்தியின் அதிர்ச்சி தணிவதற்குள் இறப்புச் செய்தியும் வந்துவிட, ரசிகர்கள் அவ்வீட்டு மதிலோரம் பூக்களையும் கடிதங்களையும் வைத்துத் தங்கள் துயரை ஆற்றிக்கொண்டனர்.

சான்சிபாரில் ஃபரோக் புல்சாராவாகப் பிறந்து, பஞ்ச்கனி விடுதிப் பள்ளியில் படித்த அவர், 1985 ஜூலை 13 அன்று லண்டன் வெம்ப்ளி அரங்கில் நடந்த ‘லைவ் எய்ட்’ நிதி திரட்டும் இசை நிகழ்ச்சியில் தம் குழுவுடன் மேடையில் நின்றது சுமார் 20 நிமிடங்கள்தான். ஆனால் சொற்களே இல்லாமல் அவர் குரலை நீட்ட, அரங்கம் முழுவதும் அதை அப்படியே திருப்பிப் பாடியதற்கு ஈடான தருணம், எங்கள் கணிப்பில், ராக் மேடையில் வேறில்லை.

வரும் நினைவு நாளன்று, அவர் குரலை முதன்முதலில் கேட்ட அனுபவத்தை உறுப்பினர்கள் ஒரு பத்தியாகவோ குரல்பதிவாகவோ இங்கே பகிருமாறு கேட்டுக்கொள்கிறோம். அவருடைய நோய் பற்றிய வதந்திகள் மட்டும் வேண்டாம். அவர் உயிரோடிருந்தபோதே பத்திரிகைகள் அதைப் போதுமான அளவு செய்துவிட்டன.

குழு நிர்வாகிகள்