மழைக்கு முன் டேங்க் மூடியைக் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். இப்போது பங்குகளில் விற்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் (ஒருவகை ஆல்கஹால்) கலந்திருக்கிறது.

பெட்ரோலில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, "பாருங்கள், பங்கில் தண்ணீர் கலந்து விற்கிறார்கள்" என்று காட்டும் வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. 80 மி.லி. பெட்ரோலில் 20 மி.லி. தண்ணீர் விட்டுக் குலுக்கி வைத்தால், அடியில் ஏறக்குறைய 35 மி.லி. நிற்கும். அது கலப்படம் அல்ல. அந்த 80 மி.லி.யில் 20 விழுக்காடாக இருந்த 16 மி.லி. எத்தனால், பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு போய்விட்டது, அவ்வளவுதான்.

ஆனால் இதே பிரிவு வண்டி டேங்குக்குள் நடந்தால் ஆபத்து. 10 லிட்டர் பெட்ரோலுக்கு ஒரு டம்ளர் மழைத்தண்ணீர் போதும். எத்தனாலும் தண்ணீரும் அடியில் தங்க, இன்ஜின் முதலில் இழுப்பது அதைத்தான். மேலே மிஞ்சும் பெட்ரோலிலும் ஆக்டேன், அதாவது இன்ஜினில் தட்டல் (நாக்கிங்) வராமல் தடுக்கும் திறன், குறைந்துவிடும்.

தண்ணீர் பெரும்பாலும் பைக்கின் டேங்க் மூடி வழியாகவே இறங்குகிறது. மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் தேங்கும் மழைநீர் வெளியேற ஒரு சிறு துளை உண்டு. அதில் மண் அடைத்தால் தண்ணீர் வாஷர் வழியே உள்ளே கசியும். ஐப்பசிக்கு முன் அந்தத் துளையில் காற்றடித்துவிட்டு, வெடித்த வாஷரை மாற்றுங்கள். மழையில் நனைந்த வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால் கிக்கரை உதைத்துக்கொண்டே இருக்காதீர்கள். இன்ஜின் ஆறியபின், நெருப்பில்லாத இடத்தில், கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்) அடியிலுள்ள டிரெயின் ஸ்குரூவைத் தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். கால் மணி நேரத்தில் நடுவே கோடு விழுந்தால், டேங்கையே காலி செய்ய வேண்டும். மேலே புதுப் பெட்ரோல் ஊற்றிச் சரிக்கட்ட முடியாது.

எத்தனால் கலந்து ஆக்டேன் 91-இலிருந்து 95 ஆனதால் பழைய வண்டிக்கு வேகம் கூடிவிடாது. அது நாக்கிங்கைத் தடுக்கும் திறன் மட்டுமே. அதற்கேற்ற அழுத்த விகிதம் (பெட்ரோல்-காற்றை இன்ஜின் அமுக்கும் அளவு) இன்ஜினில் இருந்தால்தான் பலன். புகையில் பலன் உண்மையானது. 2021 நிதி ஆயோக் அறிக்கை, 20 விழுக்காடு எத்தனாலால் இருசக்கர வாகனங்களில் கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறைவதாகச் சொல்கிறது. எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கென வடிவமைத்து, 10 விழுக்காட்டுக் கலவைக்குச் சரிசெய்த இருசக்கர வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 4 விழுக்காடு குறையும் என்பதும் அதே அறிக்கையில் உண்டு. இதை மறைக்காமல் மக்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

சென்சார் இல்லாத கார்புரேட்டர் வண்டியில் எத்தனாலின் ஆக்சிஜனால் பெட்ரோல்-காற்றுக் கலவையில் பெட்ரோலின் பங்கு மெலிந்து, காலையில் திணறும், இன்ஜின் கூடுதலாகச் சூடேறும். மெக்கானிக்கிடம் காட்டி ஜெட்டை (பெட்ரோல் அளவாக வரும் சிறு துளை) சரிபார்க்கச் சொல்லுங்கள். உப்பிய பெட்ரோல் ஹோஸ், ஓ-ரிங், ஃப்ளோட் வால்வு ஆகியவற்றை மாற்றும்போது எத்தனாலைத் தாங்கும் வைட்டான் ரப்பராகக் கேட்டு வாங்குங்கள். பழைய டேங்கின் கசடை எத்தனால் கரைத்துக் கொண்டுவரும். ஃபில்டரையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

பங்க் உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். தரையடித் தொட்டியில் தண்ணீர் பார்க்கும் பழைய பேஸ்ட், எத்தனால் கலந்த பெட்ரோலில் சரியாகக் காட்டாது. அதற்கென உள்ள பேஸ்ட்டைத் தடவி, மழைக்காலத்தில் தினமும் காலையில் டிப் ராடு (தொட்டியின் அளவுகோல்) விட்டுப் பார்த்த பிறகே விற்பனையைத் தொடங்குங்கள். எத்தனால் எத்தனை விழுக்காடு என்பதை ஒவ்வொரு பம்பிலும் தமிழில் பெரிதாக எழுதி வைக்க எண்ணெய் நிறுவனங்கள் உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
இருசக்கர வாகன மெக்கானிக்குகள் சிலர், ஈரோடு