அட்வான்ஸ் கொடுத்துவிடாதே

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டுவலி தேவலை, உன்னை விசாரித்தாள். காதுகுத்துக்கு நீ வராததை ரவி இன்னும் மறக்கவில்லை. அதை நேரில் வந்து நீயே தீர்த்துக்கொள்.

பத்தாயிரம் கேம் போட்ட ரெடிமேட் ஆர்கேட் வீடியோ கேம் பெட்டி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறாயாமே, அவன்தான் சொன்னான். அட்வான்ஸ் கொடுத்துவிடாதே. முதலில் இதைப் படி.

என் பெட்டி போன வாரம் தயாராகிவிட்டது. மரவேலை, ஜாய்ஸ்டிக், பட்டன் வயரிங் எல்லாம் ஆசாரியும் நானுமாக முடித்தோம். அதெல்லாம் கை வேலை, யாரும் செய்யலாம். உயிர் இருப்பது லாஞ்சரில்தான்டா! கேமை ஓட்டுவது மேம், பழைய ஆர்கேட் கேம்களைக் கம்ப்யூட்டரில் ஓட வைக்கும் சாஃப்ட்வேர். 1997-இல் நிக்கோலா சால்மோரியா என்ற இத்தாலிக்காரர் தொடங்கியது. ஆனால் கீபோர்டே இல்லாத பெட்டியில் எந்தக் கேம் வேண்டும் என்று மேமுக்கு யார் சொல்வது? அதற்குத்தான் லாஞ்சர் என்கிற மெனு சாஃப்ட்வேர். நான் போட்டிருப்பது அட்ராக்ட்-மோட். இலவசம். கேம் பட்டியலை வெறும் டெக்ஸ்ட் ஃபைலாக வைத்திருக்கிறது: ஒரு வரிக்கு ஒரு கேம், அதில் வருஷம், கம்பெனி, எத்தனை பேர் ஆடலாம், திரை நிமிர்ந்ததா படுத்ததா, எல்லாம் இருக்கும். பேக்மேனும் கலாகாவும் நிமிர்ந்த திரைக்குச் செய்தவை. முஸ்தபாவும் (அதுதான், கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்) ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-வும் படுத்த திரைக்கு. ஃபில்டரில் ஒரு விதி எழுதினேன், நிமிர்ந்தவை தனிப் பட்டியலாக ஒதுங்கிக்கொண்டன. மூன்று பேர் ஆடுவதற்கு இன்னொரு பட்டியல்.

சுவிட்சைப் போட்டால் பெட்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டரின் லினக்ஸ் தானாக லாகின் ஆகி நேரே லாஞ்சரில் போய் நிற்கிறது. டெஸ்க்டாப், மவுஸ் அம்பு எதுவும் கண்ணில் படாது. கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் கேம்களின் வீடியோ ஒவ்வொன்றாக ஓடும். அண்ணாச்சியின் வீடியோ கேம் கடையில் காசில்லாமல் நின்று எதைப் பார்த்தோமோ அதேதான்!

இப்போது உன் பத்தாயிரம் கேமுக்கு வா. அப்படிப்பட்ட பட்டியலில் ஒரே கேம் ஜப்பான் பதிப்பு, அமெரிக்கப் பதிப்பு, திருட்டு நகல் என்று பல தடவை வரும். ஸ்டியரிங்கோ துப்பாக்கியோ ட்ராக்பால் என்கிற உருட்டும் பந்தோ இல்லாமல் ஆடவே முடியாதவையும் அதில் கிடக்கும். பல பெட்டிகளில் பட்டியலைத் திருத்தவும் விடமாட்டார்கள். நீ தள்ளிக்கொண்டே போவாய், ஆடமாட்டாய். எனக்குத் தெரியும், ஹோட்டலில் மெனு கார்டைக் கொடுத்தால் கடைசியில் தோசை சொல்கிறவன் நீ. என் பட்டியலில் நாற்பதைத் தாண்டவில்லை. ஒவ்வொன்றையும் ஆடிப் பார்த்து, பட்டன் சரியா என்று பார்த்துத்தான் சேர்த்தேன்.

இன்னொன்று என் மனதை விட்டுப் போகவில்லை. முஸ்தபாவைச் செய்த கேப்காம் கம்பெனியின் அசல் சர்க்யூட் போர்டில் ஒரு சின்ன பேட்டரி உண்டு. புரோகிராமின் ஒரு பகுதியைப் பூட்டி வைத்து, சாவியை அந்த பேட்டரியின் தயவில் விட்டிருந்தார்கள். பேட்டரி செத்தால் சாவி அழியும், கேம் படுத்துவிடும். 1993-இல் வந்த போர்டு, யோசித்துப் பார். எங்கோ சிலர் உட்கார்ந்து அந்தப் பூட்டை அவிழ்த்து மேமுக்குள் கொண்டுவந்திருக்காவிட்டால் இன்று நம் கையில் என்ன மிஞ்சியிருக்கும்? பழைய பொருளைக் காப்பாற்றுவதுதான் தன் நோக்கம் என்று மேம் தரப்பில் சொல்வார்கள். அதை நான் முழுசாக நம்புகிறேன். அதனால்தான் பத்தாயிரம் கேமையும் ஒரே பெட்டியில் கொட்டி விற்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

உனக்கும் ஒன்று கட்டித் தருகிறேன். மரமும் பழைய கம்ப்யூட்டரும் உன் பொறுப்பு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். என்னென்ன கேம் வேண்டும் என்று எழுதி அனுப்பு, முப்பதுக்கு மேல் போகாதே. என் பெட்டிக்கு ஆசாரி ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஜாய்ஸ்டிக் வைக்க வருகிறார். பொங்கலுக்கு நீ வருகிறாய். முஸ்தபா கேமில் வரும் ஹன்னாவை இந்தத் தடவையும் ரவி தலையில் கட்ட முடியாது, இப்போதே சொல்லிவிட்டான்.

உன்,
சேகர்