தங்கத் துகளுக்குச் சிலிக்கா ஓடு: பாலிமரை விட்டுவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்க நானோ துகளுக்கு (கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய தங்கத் துகள்) மணலின் மூலப்பொருளான சிலிக்காவால் ஓடு போர்த்துவதைப் பற்றி எழுதுகிறவர்கள், அமோனியாவும் சிலிக்கேட்டும் கலந்தால் ஓடு தானாகப் படியும் என்று சுருக்கிவிடுகிறார்கள். அதை நம்பிச் சோதனையில் இறங்கும் படிவம் ஆறு மாணவருக்குக் கிடைப்பது நீலக் கசடுதான்.

இரும்பு ஆக்சைடின் மேல் சிலிக்கா பற்றும். தங்கத்துக்கு இயற்கையான ஆக்சைடு படலம் இல்லை, அதனால் பற்றாது. சிட்ரேட் முறையில் (தங்க உப்புக் கரைசலைச் சிட்ரேட்டுடன் கொதிக்கவைத்து) செய்த தங்கத் துகள் நீரில் மின்னூட்டத்தின் பலத்தில்தான் பிரிந்து மிதக்கிறது. எத்தனாலில் ஊற்றினால் சிவப்புக் கரைசல் நீலமாகித் துகள்கள் திரண்டுவிடும். ரப்பர் பாலில் ஃபார்மிக் அமிலம் விட்டதும் உறைவதைப் பார்த்த தோட்டத்து மக்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கும் துகள்களை விலக்கி வைத்த மின்னூட்டம்தான் போய்விடுகிறது.

இதற்கு வழி சொன்னது ஆய்வாளர்கள் கிராஃப், வான் பிளாடரன் குழுவினர் 2003-இல் வெளியிட்ட முறை. பாலிவினைல்பிர்ரோலிடோன், சுருக்கமாக பிவிபி, என்ற பாலிமர் (நீண்ட சங்கிலி மூலக்கூறு) தங்கத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும், நீரிலும் எத்தனாலிலும் கரையும், சிலிக்காவையும் பிடித்துக்கொள்ளும். 15 நானோமீட்டர் துகளுக்கு மூலக்கூறு எடை 10,000 உள்ள குட்டைச் சங்கிலி போதும். சிறு துகளில் நீளச் சங்கிலியைப் போட்டால் ஓடு வழவழப்பாக வராது. பிவிபி கரைசலைத் தங்கக் கரைசலில் விட்டு 24 மணி நேரம் கலக்க வேண்டும். அவசரப்பட்டால் பாதித் துகள் வெறுமையாகவே நிற்கும்.

அடுத்து சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, ஒட்டாத பிவிபியை நீக்கி, படிவை எத்தனாலில் கலக்க வேண்டும். மேல்நீரை முழுக்க வடித்துப் படிவைக் காயவிடக் கூடாது; காய்ந்தால் மறுபடி பிரியாது. அந்த எத்தனாலில் சுமார் 4 விழுக்காடு அடர் அமோனியா சேர்த்து, எத்தனாலில் 10 விழுக்காடாகக் கரைத்த டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிகேட்டை (சிலிக்காவாக மாறும் சிலிகேட் இதுதான்) கலக்கியபடியே கொஞ்சங்கொஞ்சமாக விட்டு, இரவு முழுக்கக் கலக்கலாம். இந்தக் கடைசிப் படி வேதியியலாளர் ஸ்டோபர் 1968-இல் தந்தது. சிலிகேட்டை மொத்தமாகக் கொட்டினால் தங்கமே இல்லாத வெறும் சிலிக்கா உருண்டைகள் தனியே பிறக்கும். அவற்றைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

நிறமாலைமானியில் (கரைசல் எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி) உறிஞ்சல் உச்சம் 520 நானோமீட்டரிலிருந்து சில நானோமீட்டர் மட்டும் நகர்ந்தால் நல்லது. 600-ஐத் தாண்டி அகலமாகப் படர்ந்தால் துகள்கள் திரண்டுவிட்டன என்று பொருள்.

அடர் அமோனியாவையும் சிலிகேட்டையும் புகைபோக்கிப் பெட்டிக்குள் மட்டுமே திறக்க வேண்டும். இரண்டின் ஆவியும் கண்ணைக் கெடுக்கும். திறந்து பல நாளான அமோனியா பாட்டில் வேண்டாம். வாயு வெளியேறிப்போன அமோனியாவில் ஓடு மந்தமாகவே வளரும்.

வேதியியல் ஆசிரியர்கள்,
சுங்கை சிப்புட்.