ஜூஸும் பிலாஸ்டினும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு மருத்துவப் பக்கத்தில், பிலாஸ்டின் என்ற அலர்ஜி மாத்திரையை "காலை டிபன் முடிந்ததும் ஒரு டம்ளர் ஜூஸுடன் போட்டுக்கொள்ளலாம்" என்று எழுதியிருந்தீர்கள். எவை இரண்டும் அந்த மாத்திரைக்கு ஆகாதோ, அவற்றைத் தேடிப் பிடித்து ஒரே வரியில் சேர்த்தமைக்கு நன்றி.

பிலாஸ்டின் 20 மி.கி. வெறும் வயிற்றில், தண்ணீருடன் விழுங்க வேண்டியது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, இல்லையென்றால் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து. உணவோடு போனால் ரத்தத்தில் சேர்வது சுமார் 30 சதவீதம் குறையும். கிரேப்ஃப்ரூட் சாறும் அதே அளவு கெடுக்கும். குடல் சுவரில் மருந்தை உள்ளே இழுக்கும் புரதத்தை அது தடுத்துவிடுகிறது. ஃபெக்சோஃபெனடின் என்ற இன்னொரு அலர்ஜி மாத்திரைக்கு ஆப்பிள், ஆரஞ்சுச் சாறும் ஆகாது. அலுமினியம், மக்னீசியம் கலந்த நெஞ்செரிச்சல் மருந்தைக் கால் மணி நேர இடைவெளியில் குடித்தால் ஃபெக்சோஃபெனடின் ரத்தத்தில் சேர்வதில் 41 சதவீதம் போயிற்று. இரண்டு மணி நேரமாவது தள்ளிக் குடிக்க வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால், தடிப்பு அடங்காதவர் "மாத்திரை கேட்கலை" என்று திரும்ப வந்து ஸ்டீராய்டு கேட்பார்.

முன்பொரு கேள்வி பதிலில் இதற்கு நேர்மாறாக, ஜூஸ் குடித்தால் அலர்ஜி மாத்திரையின் வீரியம் ஏறி இதயம் பாதிக்கும் என்று பயமுறுத்தினீர்கள். அது டெர்ஃபெனடின் என்ற பழைய அலர்ஜி மாத்திரை. அதைச் சிதைக்கும் நொதி கிரேப்ஃப்ரூட் சாற்றால் தடைபட்டால் ரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பைக் குலைக்கும். 1990களின் கடைசியிலேயே அமெரிக்கச் சந்தையை விட்டுப் போய்விட்டது. டெர்ஃபெனடின் உடலுக்குள் மாறிப் பிறப்பதுதான் ஃபெக்சோஃபெனடின். தகப்பனுக்கு ஜூஸ் ஏற்றும், பிள்ளைக்கு இறக்கும். தங்களுக்குத் தெரியாததா!

"தூக்கமே வராத மாத்திரைகள்" பட்டியலில் செட்டிரிசின் என்ற அலர்ஜி மாத்திரையையும் சேர்த்திருந்தீர்கள். ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழக ஸ்கேன் ஆய்வுகளில் செட்டிரிசின் 20 மி.கி. மூளையை விழிப்பாக வைக்கும் ஹிஸ்டமின் ஏற்பிகளில் கால்வாசியைப் பிடித்திருந்தது, 10 மி.கி. அதில் பாதி. ஃபெக்சோஃபெனடின் 120 மி.கி. அநேகமாக எதையும் தொடவில்லை. பட்டியலை நம்பி லாரி ஓட்டுபவர் எதைப் போடுவார்?

மாதக்கணக்கில் போட்ட செட்டிரிசினைச் சட்டென்று நிறுத்தினால் கடும் அரிப்பு வரலாம் என்று 2025 மே மாதம் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது. அதற்குத் தங்கள் பக்கத்தில் இடம் கிடைக்கவில்லை. ராசிபலனுக்கு மட்டும் முழுப் பக்கம்.

நான் கேட்பது ஒரு வரி: "பிலாஸ்டின்: வெறும் வயிற்றில், தண்ணீருடன் மட்டும்." அதே ஞாயிற்றுப் பக்கத்தில், படிக்கிற அளவு எழுத்தில் வரட்டும்; வரி விளம்பரங்களுக்கு அடியில் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
கரூர்